ஆற்று வாசலில் வைத்த கல்

"இந்தப் பாட்டு பொய் என்று சொல்லுங்கள், அம்மா. இல்லை, மெய்தான் என்றால், அதைத் தாங்குவது எப்படி என்று சொல்லுங்கள்."

ஆவுடையப்பப் புலவர் வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

மாடத்தி அம்மாள் மதகுப் பலகைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் பாட்டு?"

"மணல் அணைப் பாட்டு."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தடவியது.

"உக்காருங்க," என்றாள்.

மாடத்தி அம்மாளுக்கு மடம் கிடையாது. காவி கிடையாது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு தலைமதகு, அதன் பக்கத்தில் ஓர் ஓலைக் குடிசை, இடுப்பில் மதகுச் சாவி. அவ்வளவுதான் அவள் சொத்து. கேள்வியோடு வருகிறவர்கள் கையில் ஒரு மண்கூடையைக் கொடுப்பாள். பாதிப் பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போகாதவர்களைச் சீடர்கள் என்று ஊர் சொன்னது. அவள் சொன்னதில்லை.

புலவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதை அவர் மனதில் ஒரு தடவை கணக்குப் பார்த்துவிட்டுத்தான் மணலில் உட்கார்ந்தார்.

"நீங்க யாரு?"

"பதினாறாம் நாள் பாட்டுச் சொல்கிறவன்."

அவருடைய ஊர்ப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். சாவு வீட்டில் பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் ஒரு புலவரை அழைத்து மணல் அணைப் பாட்டைச் சொல்லச் சொல்வார்கள். நாலே அடி. ஒவ்வோர் அடியையும் நிறுத்தி நிதானமாகப் பாடிப் பொருள் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக அவர்தான் சொல்லிவந்தார்.

"எங்கே, சொல்லுங்க," என்றாள் மாடத்தி அம்மாள்.

புலவர் தொண்டையைச் செருமினார். சாவு வீட்டில் பாடுகிற அதே இழுப்பில் ஆரம்பித்தார்.

"மணலை வாரி மறித்து வைத்தோம், மணலும் போனதடி.
தழையை வெட்டித் தடுத்து வைத்தோம், தழையும் போனதடி.
முளையை நட்டு முட்டு வைத்தோம், முளையும் போனதடி."

நின்றுவிட்டார்.

"நாலாவது அடி?"

"வரவில்லை."

"மறந்துபோச்சா?"

"மறக்கவில்லை. வாயில் வரவில்லை. எட்டு மாதமாக."

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி உலகம்மாள் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. என் வீட்டில் நான்தான் சொல்வேன் என்று எழுந்து நின்றார். மூன்று அடி சொன்னார். நாலாவது அடியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டம் காத்திருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"என்ன பொருள் சொல்லுவீக?" என்று கேட்டாள் மாடத்தி அம்மாள்.

"மணல் என்பது நாம் கழித்த நாட்கள். தழை என்பது உறவு. முளைக்கம்பு என்பது இந்த உடம்பு. ஆறு வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகிறது. ஆறு என்றால் காலன்."

"நாலாவது அடிக்கு?"

"அதில் பூமி நனைகிறது. கண்ணீரால் நனைகிறது என்பேன். அந்த இடத்தில் வீடே உடைந்து அழும். அழாத ஆளை நான் பார்த்ததில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "ஒருத்தியைத் தவிர."

"யாரு?"

"என் வீட்டுக்காரிதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் அழுவார்கள், அவள் அழமாட்டாள். தொடையில் கையால் தாளம் போடுவாள். இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. சாவு வீட்டில் தாளமா என்று வீட்டுக்கு வந்து திட்டுவேன். கை தானாப் போவுது, நான் என்ன செய்ய என்பாள்."

"எந்த ஊருப் பிள்ளை?"

"இதே ஆற்றுப் பக்கம்தான். மேல்கரையில் ஒரு சின்ன ஊர். கல்யாணத்துக்கு நான் வந்ததோடு சரி. அவளைச் சேர்ந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. பாட்டும் இந்தக் கரையில் பிறந்தது என்று சொன்னார்கள். அதனால்தான் வந்தேன்."

மாடத்தி அம்மாள் எண்ணெய்த் துணியைப் பிழிந்து வைத்தாள்.

"நாற்பது வருஷம், அம்மா," என்றார் புலவர். "பிள்ளை குட்டி இல்லை. அவள் வைத்த முல்லைக்கொடிகூடப் பட்டுப்போய்விட்டது. நான்தான் தண்ணீர் ஊற்றவில்லை. மணலும் போச்சு, தழையும் போச்சு, முளையும் போச்சு என்றால், கட்டியது எதற்கு? நாற்பது வருஷம் எங்கே போயிற்று? ஊருக்கெல்லாம் பொருள் சொன்னேன். இப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை."

"நாலாவது அடியை எழுதிக் காட்டுவீகளா?"

புலவர் ஈர மணலில் விரலால் எழுதினார். *போனது போன வழியெல்லாம் பூமி நனைந்ததடி.*

அவள் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எழுத்து அழகா இருக்கு," என்றாள். எழுந்துபோய் ஒரு கூடையோடு வந்தாள். "அணைக்கு ஆள் கம்மி."

"பாட்டுக்குப் பொருள்?"

"தண்ணி வாரதுக்கு முன்னால அந்தப் பாட்டை இங்க யாரும் பாடக்கூடாது. பொருளும் சொல்லக்கூடாது. தெரியாம நீங்க பாடிட்டீக, போகட்டும்."

"தண்ணீர் எப்போது வரும்?"

"ஆத்தைக் கேளுங்க."

கூடையை வாங்கிக்கொண்டு புலவர் திரும்பிப் பார்த்தார். மணலின் அடியிலிருந்து நீர் ஊறி, எழுத்து பாதி கரைந்திருந்தது.

*

அணை என்றதும் அவர் ஏதோ பெரிதாக நினைத்திருந்தார். முப்பது வருஷம் அதற்குப் பொருள் சொன்னவர், கண்ணால் பார்த்ததில்லை.

இடுப்பு உயரம். ஆற்றின் அகலத்துக்கு இரண்டு வரிசை முளைக்கம்பு. இடையில் தழை, வைக்கோல். மேலே மணல். கோடையில் ஆறு ஒரு கயிறு மாதிரி மெலிந்துவிடும். அந்தக் கயிற்றை மறித்து வாய்க்காலுக்குள் திருப்பிவிடுவதுதான் அணையின் வேலை. அந்தத் தண்ணீரில் கரை ஓரத்து நாற்றங்கால் நனையும்.

அணைக்குத் தலைவன் கொம்பையா. நாற்பத்தைந்து வயது, கறுத்த பெரிய மீசை. புலவரின் கையிலிருந்த கூடையைப் பார்த்தான்.

"கூடையை அப்படிப் பிடிச்சா மணல் உங்க தலையிலதான் கொட்டும், புலவரே. இதென்ன ஏட்டுச் சுவடியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புலவர் மணலை அள்ளினார். பாதி கொட்டிற்று.

மறுநாள் கால்வாசி கொட்டிற்று.

நாலாம் நாள் உள்ளங்கை கொப்புளித்தது. கொம்பையா புளிய இலையை அரைத்துக் கட்டிவிட்டான். "இனிமே மணலுக்கு உரை சொல்லாதீக. அள்ளிப் போடுங்க, போதும்."

"தினமும் போடுகிறோம். தினமும் கரைகிறது."

"கரைஞ்சா?"

"கரைந்தால் என்ன பயன்?"

"கரைஞ்சா நாளைக்கும் வேலை இருக்கு," என்றான் கொம்பையா.

அணையின் நட்டநடுவில் ஓர் இடம் புலவரின் கண்ணை உறுத்தியது. இரண்டு முழ அகலம் இருக்கும். அங்கே மட்டும் முளைக்கம்பு இல்லை. வெறும் வைக்கோலும் மணலும்தான்.

"இங்கே ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள்? கம்பு தீர்ந்துவிட்டதா?"

"அது ஆத்து வாசல்."

"வாசலா?"

"வெள்ளம் வந்தா அது போறதுக்கு ஒரு வழி வேணும்லா? வாசலை உடைச்சுக்கிட்டு நேரா நடு ஆத்துலயே போயிரும்."

"அதையும் கல் வைத்துக் கெட்டியாக அடைத்தால் அணை நிற்குமே?"

கொம்பையா மீசையைத் துடைத்துக்கொண்டான். "நிக்கும். வாசல் இல்லாத தண்ணி கரையை அறுக்கும். நாத்தங்கால் போயிரும். ஊரு ஒரு வருஷம் பட்டினி கெடக்கும். அணை மட்டும் ஜம்முனு நிக்கும். வந்து பாத்துக்கிட்டு இருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். புலவர் சிரிக்கவில்லை. அவர் அந்த இரண்டு முழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆக, போகும் என்று தெரிந்தே கட்டுகிறார்கள். போக வேண்டிய இடத்தையும் முன்னாலேயே குறித்து வைத்துவிட்டுக் கட்டுகிறார்கள்.

அன்று அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை.

*

மத்தியானம் கரை மேட்டில் மருத மர நிழலில் எல்லோரும் கஞ்சி குடிப்பார்கள். ஆளுக்கு ஒரு வெங்காயம்.

புலவர் வெங்காயத்தை உடைத்தால் இரண்டாக உடைப்பார். ஒரு பாதியை இலையில் வலது பக்கம் தள்ளி வைப்பார். மறு பாதியைக் கடித்துக்கொள்வார். நாற்பது வருஷப் பழக்கம். எழுந்திருக்கும்போது அந்தப் பாதி இலையிலேயே கிடக்கும்.

கூட இருந்தவர்கள் பார்த்தார்கள். கேட்கவில்லை.

ஒரு நாள் மாடத்தி அம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தள்ளி வைத்த பாதியை எடுத்துக் கடித்தாள்.

"நல்ல காரம்," என்றாள்.

புலவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது உங்களுக்கு வைத்ததில்லை."

"தெரியும்."

"பிறகு?"

"வெயில்ல காய்ஞ்சு போவுது. தினமும் பாக்கேன்." இன்னொரு கடி கடித்தாள். "உலகம்மா இருந்தா காயவிடுவாளா?"

உலகம்மாள் காயவிடமாட்டாள். பேசிக்கொண்டே எடுத்துப் போட்டுக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் வர, என்ன காரம் என்ன காரம் என்று சிரிப்பாள்.

"அம்மா, நான் வந்து இருபது நாளாகிறது. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள்."

"நாத்தங்காலுக்குப் போங்க. நாத்தைத் தடவிப் பாத்துட்டு வாங்க."

போனார். தடவினார். வந்தார்.

"ஒரு சாண் இருக்கிறது."

"நேத்து எவ்வளவு இருந்துச்சு?"

"நேற்று நான் பார்க்கவில்லையே. அணையில் அல்லவா நின்றேன்."

"ம்," என்றாள் அவள். எழுந்து போய்விட்டாள்.

இதற்கு உரை எழுத வேண்டுமானால் எப்படி எழுதுவது என்று புலவர் சாயங்காலம் வரை யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. இந்த அம்மாளுக்கு ஒன்றுமே தெரியாதோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

*

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் மர நிழலில் சாய்ந்திருந்தார்கள். புலவர் மட்டும் அணையில் நின்றார்.

வாசலில் கசிவு அதிகமாக இருந்தது. வைக்கோல் வழியாகச் சொட்டுச் சொட்டாக மணல் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி நாட்களில் உலகம்மாளின் மணிக்கட்டு இப்படித்தான் நாளுக்கு நாள் இளைத்தது. வளையல் முழங்கை வரை தானாக ஏறி இறங்கும். பாட்டுக்குப் பொருள் தெரிந்த மனுஷனாக அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்ய முடியவில்லை.

காலடியில் ஒரு கூழாங்கல் கிடந்தது. உள்ளங்கை அகலம்.

ஒரு கல்தானே என்று நினைத்தார்.

வைக்கோலை விலக்கி உள்ளே வைத்தார். கசிவு கொஞ்சம் குறைந்தது. வெகு நாளைக்குப் பிறகு அன்று அவருக்கு நல்ல பசி எடுத்தது.

மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இரண்டு. தினமும் மத்தியானம். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். ஒவ்வொரு கல்லும் இருக்கும் இடம் அவர் கைக்குத் தெரியும். கடைசியாக ஒரு பெரிய கல்லை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து, வாசலின் நடுவில், ஆழத்தில் இறக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்ன புலவரே, கோணிக்கிட்டு நடக்கீக?" என்று கேட்டான் கொம்பையா.

"வயசாகிறது."

"ஆமா, ஆமா," என்றான் அவன். வேறு எங்கோ பார்த்தான்.

அன்று மாலை மாடத்தி அம்மாள் குடிசை வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய வடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நைந்த இடங்களில் புது நார் போட்டு முறுக்கினாள். அவரைப் பார்த்து, "நல்லா இருக்கீகளா?" என்றாள்.

"நன்றாக இருக்கிறேன்."

"சரி."

*

ஆடி பிறந்து ஆறாம் நாள் காலை, மேற்கே பறை கேட்டது. ஓர் ஊர் அடிக்க, அதைக் கேட்டு அடுத்த ஊர் அடிக்க, சத்தம் ஆற்றோடு கீழே இறங்கி வந்தது.

"தண்ணி வருது! தண்ணி வருது!"

ஊர் முழுக்கக் கரைக்கு ஓடி வந்தது. ஆண்கள் வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்கள். பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்திருந்தார்கள். தோளில் பிள்ளைகள். பறைக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள்.

புலவருக்கு ஒன்றும் புரியவில்லை. அணை போகப்போகிறது. இவர்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிற்கிறார்களே.

முதலில் நுரை வந்தது. பிறகு சருகும் குச்சியும். பிறகு செந்தண்ணீர். அணையில் வந்து மோதி நின்றது. எல்லாக் கண்களும் வாசலைப் பார்த்தன.

"இந்தா, போகுது பாரு!" என்றான் ஒருவன்.

போகவில்லை.

தண்ணீர் ஏறியது. கால் அணை, அரை அணை. வாசல் அசையவில்லை. பறை ஒவ்வொன்றாக நின்றது. தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் திரும்பிக் கரையை நக்கியது. ஒரு மண்கட்டி பெயர்ந்து தொப்பென்று விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் நாற்றங்கால்.

ஒன்றரைச் சாண் நாற்று, பச்சைப்பசேலென்று காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது.

கொம்பையா புலவரைப் பார்க்கவில்லை. மாடத்தி அம்மாள் பார்த்தாள்.

"நான்தான்," என்றார் புலவர். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னார். "நான்தான். வாசலில் கல் வைத்திருக்கிறேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தனை?" என்றான் கொம்பையா.

"இருபத்து மூன்று."

"பெரிசா, சின்னதா?"

"எல்லாம் சின்னது. கடைசி ஒன்று பெரிது."

"வடத்தைக் கொண்டாங்கலே!"

வடம் தயாராகச் சுருண்டு கிடந்தது. கொம்பையா அதை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். "பயப்படாதீக. எம் மக செத்த வருஷம் நான் ஏழு கல் வச்சேன். அம்மா முப்பத்தொண்ணு வச்சாக. அதை இன்னும் ஒருத்தரும் தாண்டல."

புலவர் மாடத்தி அம்மாளைப் பார்த்தார். அவள் வடத்தின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்... நானா இறங்க வேண்டும்?"

"எங்க வச்சீகன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். "கண்ணை மூடிக்கிட்டுக் கையை விடுங்க. கைக்குத் தெரியும்."

அணையின் மேல் ஊர்ந்து போனார். குப்புறப் படுத்தார். வைக்கோலுக்குள் கையை விட்டார். தண்ணீர் காதில் இரைந்தது. கை முதல் கல்லைத் தொட்டது. பிடுங்கி எறிந்தார். இரண்டு. மூன்று. நகம் பெயர்ந்தது. பத்து. பதினைந்து. நெஞ்சுக்குக் கீழே அணை ஒரு மாட்டைப் போல நடுங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு.

பெரிய கல் வரவில்லை.

இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தார். முழு உடம்பாலும் இழுத்தார். ஒரு குலுக்கல். கல் வந்தது.

வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

வாசல் திறந்தது. மணலும் வைக்கோலும் புலவரும் ஒன்றாகப் போனார்கள். மார்பில் கல். தண்ணீர் மூடியது. கல் கீழே இழுத்தது.

எங்கிருந்தோ மாடத்தி அம்மாளின் குரல் வந்தது.

"விடுங்க!"

விட்டார்.

இடுப்பில் வடம் விறைத்தது.

தலை மேலே வந்தபோது முதலில் கேட்டது சத்தம்கூட இல்லை, ஓர் அதிர்வு. கரையில் நூறு கால்கள் தரையை மிதித்தன. தட், தட். பிறகு ஓர் இழுப்பு. தட், தட். இழுப்பு. அதோடு பாட்டு.

"மணலை வாரி மறித்து வைத்தோம், மணலும் போனதடி!"

அவர் இடுப்பில் ஓர் இழுப்பு. கரை ஒரு முழம் கிட்ட வந்தது.

"தழையை வெட்டித் தடுத்து வைத்தோம், தழையும் போனதடி!"

இன்னோர் இழுப்பு.

இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. இது அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். சாவு வீட்டுக் கடைசி வரிசையில், முந்தானைக்குள், ஒரு தொடையின் மேல் ஒரு கை. அவர் எல்லோரையும் அழவைத்துக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் யாருக்கும் தெரியாமல் வடம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

புலவர் தண்ணீருக்குள் சிரித்தார். வாய் நிறைய ஆறு புகுந்தது.

"முளையை நட்டு முட்டு வைத்தோம், முளையும் போனதடி!"

கரையில் வந்து விழுந்தார். கொம்பையா தூக்கி நிறுத்தினான். பாட்டு சட்டென்று நின்றது. பறைக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி நின்றார்கள். ஊரே அவரைப் பார்த்தது.

"என்ன?" என்றார் புலவர் இருமிக்கொண்டே.

"நாலாவது அடி, வாசல் திறந்தவுகதான் சொல்லணும்," என்றான் கொம்பையா. "சீக்கிரம் சொல்லுங்க புலவரே, கை வலிக்குது அவனுகளுக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். அணை இல்லை. ஒரு கம்புகூட இல்லை. அது இருந்த இடத்தில் கரைக்குக் கரை தண்ணீர். யாரும் மறிக்காமலே வாய்க்காலுக்குள் தானாக ஏறிக்கொண்டிருந்தது. தலைமதகைத் தாண்டி, வெடித்துக் கிடந்த வயல்களுக்குள் நுரைத்துக்கொண்டு நுழைந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கிவிட்டார்கள். நடுவதற்கு நாற்று தயாராக இருந்தது.

மாடத்தி அம்மாள் வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

புலவரின் கை தானாகத் தொடைக்குப் போனது. இரண்டு தட்டு. ஓர் இழுப்பு.

"போனது போன வழியெல்லாம்," என்று ஊர் அதிரக் கத்தினார் ஆவுடையப்பப் புலவர், "பூமி நனைந்ததடி!"